பத்தாவது படிக்கும் மகன், எட்டாவது படிக்கும் மகள்: வீட்டுக்கு எந்த கேம் கன்சோல் வாங்கலாம்?

திருச்சியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகன் பத்தாம் வகுப்பு, மகள் எட்டாம் வகுப்பு. மகன் சோனியின் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) தவிர வேறு எதுவும் வேண்டாம் என்கிறான். மகளுக்கு மைன்கிராஃப்ட், ரோப்லாக்ஸ் என்ற இரண்டு கேம்கள் இருந்தால் போதும். வீட்டுக்காரர், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் விலை குறைவாக இருக்கிறதே, அதையே வாங்கினால் என்ன என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா நின்டெண்டோ ஸ்விட்ச் வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறார். கையில் ஐம்பதாயிரம் இருக்கிறது, எதை வாங்குவது, வாங்கினால் பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகும் என்பது கேள்வி.

என் பதில்: டிஸ்க் போடும் வசதியுள்ள பிஎஸ்5 ஸ்லிம், அதோடு இன்னொரு கன்ட்ரோலர் (கையில் பிடித்து ஆடும் கருவி), இரண்டும் ஹால் டிவிக்கு. ஐம்பதாயிரத்தைத் தாண்டும், உண்மைதான். 2024 ஏப்ரலில் ஸ்லிம் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் மாடல் 54,990 ரூபாய், டிஸ்க் இல்லாத டிஜிட்டல் மாடல் 44,990 ரூபாய். கன்ட்ரோலர் தனியாக ஆறாயிரம் அளவில் வரும். வாங்கும் நாளின் விலையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், இது ஏறி இறங்கும். உங்கள் பட்ஜெட்டுக்குள் டிஜிட்டல் மாடல் அடங்கிவிடும் என்று தோன்றும். அது வேண்டாம். கன்சோலுக்குக் கொடுப்பது ஒருமுறை செலவு. அடுத்த ஐந்து வருடம் வீட்டுக்குள் கேம் எந்த வழியாக வரப்போகிறது என்பதுதான் பெரிய செலவு.

பிஎஸ்5-இல் ஒரு பெரிய புது கேம் 4,000 முதல் 5,000 ரூபாய். டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்கிப் பொருத்தாதவரை, டிஜிட்டல் மாடலில் சோனியின் ஆன்லைன் ஸ்டோர் ஒன்றே கதி. வாங்கியது உங்கள் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும், விற்க முடியாது, நண்பனுக்குக் கொடுக்க முடியாது. டிஸ்க் அப்படியில்லை. பையன் ஒரு கேமை ஒரு மாதத்தில் முடித்துவிட்டு, அதைப் பாதி விலைக்கு விற்றுவிட்டு அடுத்ததை எடுக்கலாம். வகுப்பில் நாலு பேரிடம் பிஎஸ்5 இருந்தால் டிஸ்குகள் பைக்குள் பயணம் போய்க்கொண்டே இருக்கும். நம் ஊரில் பழைய டிஸ்க் வாங்கி விற்கும் கடைகளும் குழுக்களும் நன்றாக ஓடுகின்றன. இன்னொன்றும் இருக்கிறது: முந்தைய மாடலான பிஎஸ்4-இன் டிஸ்குகளில் ஏறக்குறைய எல்லாமே பிஎஸ்5-இல் ஓடும். நல்ல பழைய பிஎஸ்4 கேம்கள் ஆயிரம் ரூபாய்க்கும் கீழே கிடைக்கின்றன. ஸ்லிம் வந்தபோது இரண்டு மாடலுக்கும் இருந்த பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம்கூட நாலைந்து கேமிலேயே திரும்பி வந்துவிடும். ஸ்டோரிலும் அவ்வப்போது பாதி விலை, கால் விலைத் தள்ளுபடி வரும். டிஸ்க் மாடலில் அதையும் வாங்கிக்கொள்ளலாம், இதையும் வாங்கிக்கொள்ளலாம்.

பணம் கட்டும் முன்னால் ஒரு வேலை. இரண்டு பிள்ளைகளையும் உட்காரவைத்து, நண்பர்கள் எதில் என்ன ஆடுகிறார்கள் என்று கேளுங்கள். பையனின் கூட்டாளிகள் ஆடுவது பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் என்றால், அவை மொபைல் கேம்கள். எந்த கன்சோலிலும் கிடையாது. கன்சோல் வந்த பிறகும் அவன் போனைத்தான் எடுப்பான். ஃபோர்ட்நைட், ராக்கெட் லீக், கால்பந்து என்றால் கன்சோல் பொருத்தம். மகளின் மைன்கிராஃப்ட் எல்லா கன்சோலிலும் உண்டு. அவள் கன்சோலில் கட்டும் வீட்டுக்குள் தோழி போனிலிருந்தே வர முடியும். ரோப்லாக்ஸ் 2023 அக்டோபரில் பிளேஸ்டேஷனுக்கு வந்துவிட்டது. ஆக அவள் கேட்டதும் இதில் அடங்கிவிட்டது.

எக்ஸ்பாக்ஸின் மலிவான மாடலான சீரீஸ் எஸ் பற்றி உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 2020 நவம்பரில் 34,990 ரூபாய்க்கு வந்தபோது, மாதப் பணம் கட்டிப் பல கேம்களை ஆடும் கேம் பாஸ் சந்தாவோடு சேர்த்துப் பார்த்தால் அதைவிட மலிவான வழி கிடையாது. நானே பல வீடுகளுக்கு அதைச் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்ல மாட்டேன். 2025 அக்டோபரில் அதன் மேல் படித் திட்டமான கேம் பாஸ் அல்டிமேட் மாதம் 829 ரூபாயிலிருந்து 1,389 ரூபாய் ஆனது. அந்த விலையில் வருடத்துக்கு 16,000 ரூபாய்க்கு மேல். கீழ்ப் படித் திட்டங்கள் உண்டு, ஆனால் புது கேம் வந்த அன்றே கிடைப்பதெல்லாம் மேல் படியில்தான். சீரீஸ் எஸ்-இல் டிஸ்க் போட இடமே இல்லை. 512 ஜிபி மாடலில் நமக்கு மிஞ்சுவது 364 ஜிபி. கால் ஆஃப் டியூட்டி மாதிரி ஒரு கேமே 100 ஜிபியைத் தாண்டும், மூன்றை ஏற்றினால் நாலாவதுக்கு ஒன்றை அழிக்க வேண்டும். அப்புறம், எக்ஸ்பாக்ஸுக்கு மட்டும் என்றிருந்த ஃபோர்சா ஹொரைசன் 5-கூட 2025-இல் பிஎஸ்5-க்கு வந்துவிட்டது. நம் ஊர்க் கடைகளில் எக்ஸ்பாக்ஸ் பெட்டியைப் பார்ப்பதே குறைந்துவருகிறது.

ஸ்விட்ச் விஷயத்தில் நான் கொஞ்சம் தடுமாறுகிறேன், ஏனென்றால் ஒரு குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து ஆட அதைவிட நல்ல பெட்டி இல்லை. கன்ட்ரோலரை இரண்டாகக் கழற்றி ஆளுக்கொரு பாதி கொடுத்துவிடலாம். மரியோ கார்ட்டில் நாலு பேர் ஒரே திரையில் கார் ஓட்டலாம், பாட்டி உட்பட. உங்கள் பிள்ளைகளுக்கு எட்டு, பத்து வயது என்றால் யோசிக்காமல் ஸ்விட்ச் என்றே சொல்லியிருப்பேன். ஆனால் நின்டெண்டோ இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பதே இல்லை. சித்தப்பா வாங்கி அனுப்பினால் மெஷின் இங்கே ஓடும், கேம் கார்டுகளும் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் ஓடும். ரிப்பேர் என்று வந்தால் சிங்கப்பூருக்குத்தான் அனுப்ப வேண்டும். இந்தியாவுக்கென்று அவர்களுடைய ஆன்லைன் கடையும் கிடையாது, வேறு நாட்டுக் கணக்கு தொடங்கி கிஃப்ட் கார்டு வாங்கிப் போட வேண்டும். 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-க்கு மரியோ கார்ட் வேர்ல்ட் ஒரு கேமே அமெரிக்க விலையில் 80 டாலர். நின்டெண்டோ தன் கேம்களுக்குப் பெரிய தள்ளுபடி தருவதும் அபூர்வம். பையன் கேட்கும் பெரிய கேம்களில் பல அதில் வராமலே போகலாம். சித்தப்பா பரிசாகவே தருகிறார் என்றால் மறுக்காதீர்கள், வீட்டில் இரண்டாவது மெஷினாக அது அருமையாக இருக்கும். உங்கள் ஐம்பதாயிரத்தை அதில் போட வேண்டாம்.

பிஎஸ்5-இன் விலை கூடிய மாடலான ப்ரோவைக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2024 நவம்பரில் உலகெங்கும் வந்தபோது, 6 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசைக்கு இங்கே அனுமதி இல்லை என்ற காரணத்தால் இந்தியாவில் அது இறங்கவில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு அதனால் கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் படத்தின் கூர்மைதான்.

இனி இரண்டாவது கன்ட்ரோலர். இதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுபவர்கள் அதிகம். ஒரே கன்ட்ரோலர் உள்ள வீட்டில் அது பெரியவன் கையில்தான் இருக்கும், சின்னவள் பார்த்துக்கொண்டு இருப்பாள். இரண்டு மாதத்தில் அது "அண்ணனோட பிஎஸ்5" ஆகிவிடும். இரண்டும் முதல் நாளே வந்தால் இருவரும் சேர்ந்து ஆடும் கேமை முதலில் வாங்கலாம். நான் சொல்வது இட் டேக்ஸ் டூ. 2021-இல் வந்தது. தனியாக ஆடவே முடியாது, கட்டாயம் இரண்டு பேர் வேண்டும், திரை இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒரு இடத்தில் ஒருவர் கையில் ஆணிகள், இன்னொருவர் கையில் சுத்தியல். ஆணிக்காரர் மரச்சுவரில் குறிபார்த்து ஆணியை எறிந்தால்தான் சுத்தியல்காரர் அதில் மாட்டித் தொங்கி ஊஞ்சலாடி அந்தப் பக்கம் போக முடியும். அவர் போய்ச் சேர்ந்து அங்கே ஏதாவது செய்தால்தான் ஆணிக்காரருக்கு வழி திறக்கும். "இரு இரு, இன்னும் போடலை", "இப்ப குதி" என்று பேசாமல் ஒரு அடி நகர முடியாது. பத்து நிமிடம் முன்னால் ரிமோட்டுக்குச் சண்டை போட்ட அண்ணன் தங்கை இப்படிப் பேசிக்கொள்வதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். கதை, பிரியப்போகும் ஒரு தம்பதியைப் பற்றியது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய வயதுக் குறியீட்டில் 12 வயதுக்கு மேல்.

கால்பந்து, கிரிக்கெட் இரண்டும் எதிரெதிரே ஆட நல்லவை. மெஷினோடு ஆஸ்ட்ரோஸ் பிளேரூம் என்ற கேம் இலவசமாகவே வரும், முதல் வாரத்துக்கு அது போதும். அம்மாவும் ஆட ஒன்று சொல்லவா? வெண்பா. கனடாவில் டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபோன ஒரு பெண், கிழிந்துபோன அம்மாவின் சமையல் குறிப்பைப் பார்த்து இட்லி வார்க்கிறாள். எந்தத் தட்டை எந்த வரிசையில் அடுக்குவது என்பதை நாம் கண்டுபிடிக்க வேண்டும். பின்னணியில் தமிழ்ப் பாட்டு. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு 2024-இல் கொடுத்த விருதுகளில் சிறந்த அறிமுக கேம் அதுதான். மகனும் மகளும் பக்கத்தில் இருக்கும்போது ஆடுங்கள், நீங்கள் அவர்களுக்குச் சொல்லித்தர அதில் நிறைய இருக்கிறது.

வயதுக் குறியீடு. இங்கே விற்கும் பிஎஸ்5 டிஸ்க் அட்டைகளில் பெரும்பாலும் பெகி என்ற ஐரோப்பியக் குறியீடு இருக்கும்: 3, 7, 12, 16, 18. பையன் கட்டாயம் திருட்டும் அடிதடியும் நிறைந்த ஜிடிஏ 5 கேட்பான். அது 18. அதில் ஒரு கட்டத்தில் ஒரு ஆளைச் சித்திரவதை செய்வதை ஆடுபவரே கன்ட்ரோலரை இயக்கிச் செய்ய வேண்டும். பதினைந்து வயதுப் பையனுக்கு இது வேண்டாம் என்பது என் கருத்து, அதை அவனிடம் காரணத்தோடு சொல்லலாம். அந்த வயதில் காரணம் சொன்னால் கேட்பார்கள். ஆனால் குறியீடு எல்லாவற்றையும் பிடிக்காது. முன்பு ஃபிஃபா என்ற பெயரில் வந்த கால்பந்து கேம் இப்போது இஏ எஃப்சி. 2025-இல் வந்த பதிப்பின் அட்டையிலும் 3 வயது என்றே போட்டிருந்தது. உள்ளே அல்டிமேட் டீம் என்ற பகுதியில், என்ன வீரர் வருவார் என்று தெரியாத பாக்கெட்டை நிஜப் பணத்துக்கு வாங்கலாம். பெல்ஜியத்தில் இதைச் சூதாட்டம் என்று சொல்லி நெருக்கியதில், 2019 தொடக்கத்தில் அந்த நாட்டில் மட்டும் அந்தப் பணவழி விற்பனையை நிறுத்தினார்கள். நம் ஊரில் அது திறந்தே இருக்கிறது. துப்பாக்கி கேமைவிட எனக்கு அதிகக் கவலை தருவது இந்தப் பாக்கெட்டுகள்தான்.

இதை அடைக்க வழி எளிது, முதல் நாளே செய்ய வேண்டும். முதலில் உங்கள் பெயரில் கணக்கு தொடங்குங்கள். பிறகு அதன்கீழ் இரண்டு பிள்ளைகளுக்கும் குழந்தைக் கணக்கு, உண்மையான பிறந்த தேதியோடு. பையன் ஏற்கெனவே வயதைக் கூட்டிப்போட்டு ஒரு கணக்கு வைத்திருக்கலாம். அதைப் பின்னால் குழந்தைக் கணக்காக மாற்றுவது பெரும் பாடு, புதிதாகத் தொடங்குவதே மேல். குழந்தைக் கணக்கு உங்கள் வாலட்டிலிருந்துதான் செலவு செய்யும், மாத வரம்பை நீங்கள் வைக்கலாம். கார்டு எண்ணைச் சேமித்துவைக்காதீர்கள். ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் கிஃப்ட் கோடு வாங்கிப் போடுங்கள், தீர்ந்தால் தீர்ந்தது. இணையத்தில் மற்றவர்களோடு ஆட பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா கேட்கும், ஆரம்பத் திட்டமே வருடத்துக்கு நாலாயிரத்தை ஒட்டி. ஃபோர்ட்நைட், ரோப்லாக்ஸ் போன்ற இலவச கேம்களுக்கு அது தேவையில்லை, ஒரே வீட்டில் இருவர் ஆடவும் தேவையில்லை. அதனால் தொடக்கத்தில் சந்தா கட்டாதீர்கள். அவர்களே எதற்கு வேண்டும் என்று சொல்லட்டும்.

நேரக் கட்டுப்பாடு பற்றி. போனிலிருந்தே ஒவ்வொரு பிள்ளைக்கும் நேரம் வைக்கலாம், பிளேஸ்டேஷன் ஃபேமிலி என்று தனி ஆப்பே 2025 செப்டம்பரில் வந்தது. நேரம் முடிந்தால் எச்சரிக்கை மட்டும் போதுமா, வெளியே தள்ள வேண்டுமா என்று கேட்கும். எச்சரிக்கை மட்டும் என்று வையுங்கள். இணையத்தில் ஆடும் ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. தெருவில் கிரிக்கெட் ஆடும்போது கடைசி ஓவரில் பேட்டோடு பையனை உள்ளே கூப்பிடுவது மாதிரி அது. அவனுக்கு மட்டும் இழப்பில்லை, அவனோடு ஆடும் மற்றவர்களும் தோற்பார்கள். "ஏழு மணிக்கு ஆஃப்" என்றால் தினமும் ஏழு மணிக்குச் சண்டை. "கால்பந்து மூன்று மேட்ச்" என்று எண்ணிக்கையில் பேசினால் சண்டை பாதியாகும். ஒரு மேட்ச் கால் மணி நேரத்தை ஒட்டி, ஃபோர்ட்நைட் ஒரு சுற்று அதிகம் போனால் இருபத்தைந்து நிமிடம். கதை கேம்களில் இந்தத் தொல்லையே இல்லை, முழுதாக அணைக்காமல் தூங்கவைக்கும் ரெஸ்ட் மோடில் போட்டுவிட்டு மறுநாள் அதே இடத்தில் தொடரலாம். பரீட்சைக் காலத்தில் கதை கேம், லீவில் ஆன்லைன் கேம் என்று பிரித்துக்கொண்டால் நன்றாக ஓடும்.

அடிமையாகிவிடுவார்களோ என்ற பயம் புரிகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கேமிங் கோளாறை நோய்ப் பட்டியலில் சேர்த்தது உண்மை. அதற்கு அவர்கள் வைத்த அளவுகோலைப் பாருங்கள்: ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே முக்கியமாவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இவை பொதுவாக ஒரு வருடமாவது நீடிப்பது. லீவு நாளில் நாலு மணி நேரம் ஆடுவது அதில் வராது. தூக்கம் குறைவது, நண்பர்களைப் பார்க்கப் போகாமல் இருப்பது, சாப்பாட்டுக்கு எழுந்து வராமல் இருப்பது தொடர்ந்து நடந்தால் கவனியுங்கள். ஆன்லைன் ரம்மி மாதிரி பணம் வைத்து ஆடுவதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தமிழ்நாட்டின் 2022 சட்டமும் மத்திய அரசின் 2025 தடையும் குறிவைத்தது அவற்றைத்தான்.

ஹால் டிவி என்று சொன்னேன். பிள்ளைகளின் அறைக்குள் போனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யார் ஆடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. டிவி புதிதாக வாங்க வேண்டியதில்லை, 4கே என்றால் நல்லது, ஃபுல் எச்டி டிவியிலும் நன்றாகவே இருக்கும். டிவி செட்டிங்ஸில் போய் கேம் மோடைப் போட்டுவிடுங்கள். சினிமாவுக்காகப் படத்தை மெருகேற்றும் வேலையை டிவி செய்துகொண்டிருக்கும், அதனால் பட்டனை அழுத்திய ஒரு கணம் கழித்துத்தான் பொம்மை குதிக்கும். பையன் கன்ட்ரோலர் சரியில்லை என்பான். கேம் மோட் போட்டதும் சரியாகிவிடும். ஷோகேஸின் மூடிய தட்டில் மெஷினை வைக்காதீர்கள். திருச்சி சித்திரை வெயிலில் உள்ளே இருந்து வரும் சூட்டுக் காற்று போக இடம் வேண்டும், நாலு பக்கமும் ஒரு சாண் விடுங்கள். பெரிய கேம் ஓடும்போது 200 வாட் அளவு இழுக்கும். தினம் இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் 24 யூனிட் கூடும். கரண்ட் போய் வரும் வீடு என்றால் இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள், சேவ் ஆகும் நேரத்தில் அணைந்தால் விளையாடியது அழிந்துபோக வாய்ப்புண்டு. நெட் 100 எம்பிபிஎஸ் இருந்தால் 100 ஜிபி கேம் இறங்க இரண்டே கால் மணி நேரம் ஆகும். போன் ஹாட்ஸ்பாட் மட்டும் உள்ள வீட்டில் இது சரிப்படாது.

எப்போது வாங்குவது? சோனி பல வருடங்களில் தீபாவளியை ஒட்டியும் கோடை விடுமுறையிலும் ஐந்தாயிரம் அளவில் விலையைக் குறைத்திருக்கிறது. பையனுக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு. தீபாவளித் தள்ளுபடியில் வாங்கி ஆறு மாதம் பெட்டியோடு பரணில் வைப்பது நடக்காத காரியம், வாரண்டியும் அதற்குள் பாதி ஓடிவிடும். தேர்வு முடிந்து கோடைத் தள்ளுபடியில் வாங்குங்கள், அவனிடம் தேதியை இப்போதே சொல்லிவிடுங்கள். அதுவரை கன்ட்ரோலருக்கும் முதல் கேமுக்கும் சேர்த்துவைக்க அவகாசமும் கிடைக்கும். கடையில் பெட்டி சீல் உடைக்காமல் இருக்கிறதா, இந்திய வாரண்டி உண்டா என்று பாருங்கள். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள், அது பெட்டியில் உள்ள நம்பரோடு ஒத்துப்போக வேண்டும். எல்லா கேமையும் இலவசமாக ஏற்றித்தருகிறேன் என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால் அங்கே வாங்காதீர்கள். அப்படி மாற்றிய மெஷினுக்கு வாரண்டி கிடையாது, ஆன்லைனில் போனதும் தடையும் வரலாம்.